பெங்களூர் டீம், ஸ்ரீவராகம்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மன்னிக்கு,

பத்மஜா அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், அவர், மாளவிகா மூவரும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அண்ணாவின் கோபமும் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். முழங்காலைப் பற்றிப் போனில் பேசலாம். கோபத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இன்று காலை எழுந்ததும், பல் தேய்ப்பதற்கும் முன்னால், நான் செய்த முதல் காரியம் போனை எடுத்துப் பெங்களூரில் மழை உண்டா என்று பார்த்தது. மேகமூட்டம், லேசான குளிர் என்று போட்டிருந்தது. இங்கே ஜன்னலுக்கு வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் கிடையாது, பெங்களூர் வானிலையை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. கட்டிலில் அப்படியே உட்கார்ந்து யோசித்தபோதுதான், உங்களுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. வாட்ஸப்பில் எழுதினால் அது நம் குடும்பக் குழுவுக்குப் போய், அங்கிருந்து நாகர்கோவில் பெரியப்பா வரைக்கும் சுற்றும். அதனால்தான் காகிதமும் பேனாவும். கையெழுத்து மோசமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை என்னைப் பெங்களூர் விமான நிலையத்தில் பார்த்ததாக அண்ணாவின் சிநேகிதர் சொன்னாரே, அவர் கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. அது நானேதான். கூடப்பிறந்தவன் இருக்கிற ஊருக்கு வந்து, அவன் வீட்டுக்கு வராமல், ஒரு வாய் காப்பி குடிக்காமல் திரும்பிப் போனவள் நானேதான். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். தினமும் காலையில் 'மன்னி, அங்கே மழையா, டிராஃபிக் எப்படி' என்று உங்களிடம் கேட்பேன், நீங்களும் சமையலுக்கு நடுவில் அலுக்காமல் பதில் போடுவீர்கள். ஆபீஸ் விஷயம் என்று மட்டும் உங்களிடம் சொல்லியிருந்தேன். முழு விஷயம் இதுதான்.

எங்கள் கம்பெனிக்குத் தலைமை அலுவலகம் உங்கள் ஊரில். நாங்கள் இங்கே கழக்கூட்டத்தில் ஒரு கட்டடத்தில் பாதி மாடி. டென்மார்க்கில் உள்ள ஒரு கம்பெனிக்கு, மருந்துக்கடைகளில் ஓடும் மென்பொருளை எழுதித் தருகிறோம். வேலை மொத்தமும் இந்தப் பாதி மாடியில்தான் நடக்கிறது. ஆனால் முதல் நாள் வீடியோ மீட்டிங்கில், பெங்களூரில் இருக்கும் எங்கள் மேனேஜர் விஜய்குமார், 'இது எங்கள் பெங்களூர் டீம்' என்று அறிமுகம் செய்துவிட்டார். அந்தப் பக்கம் கிர்ஸ்டன் என்று ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், மரியாதைக்காக 'பெங்களூரில் டிராஃபிக் பயங்கரமாமே, இன்று எப்படி இருந்தது?' என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் அன்று கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, உட்கார இடம் கிடைத்து, தூங்கி, இறங்கி வந்திருந்தேன். விஜய்குமார் திரையில் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். 'பயங்கரம்தான்' என்று சொல்லிவிட்டேன். மீட்டிங் முடிந்ததும் அவர் கூப்பிட்டு, "ஒண்ணும் தப்பில்ல பத்மஜா, பெங்களூர்னா அவங்களுக்குத் தெரியும், ஒரு மதிப்பு வரும். திருவனந்தபுரம்னு சொன்னீங்கன்னா அதை உச்சரிக்கிறதுக்குள்ள மீட்டிங் முடிஞ்சிடும்" என்றார். அவ்வளவுதான், அன்றிலிருந்து நாங்கள் பெங்களூர்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்கள் தயவு. நீங்கள் 'சில்க் போர்டில் ஒரே ஜாம்' என்று எழுதினால் அன்று நான் சில்க் போர்டில் மாட்டிக்கொண்டேன். உங்கள் அடுக்ககத்துக்குத் தண்ணீர் லாரி வராத வாரம் எனக்கும் தண்ணீர் இல்லை. கிர்ஸ்டன் பாவம், உண்மையாகவே கவலைப்பட்டுத் தினமும் 'குளிக்கத் தண்ணீர் கிடைத்ததா?' என்று கேட்பாள். கிணற்றுத் தண்ணீரில் ரெண்டு தரம் குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்திருக்கும் நான், 'இன்றைக்கும் இல்லை' என்பேன். உங்கள் பூனை செத்துப்போனபோது டென்மார்க்கிலிருந்து எனக்கு அனுதாபச் செய்தி வந்தது. அதை உங்களுக்கு அனுப்பி வைக்க வழியில்லாமல் நானே ஒரு நாள் முழுக்கத் துக்கமாக இருந்தேன்.

மீட்டிங் திரையில் எங்கள் எல்லோர் தலைக்குப் பின்னாலும் ஒரே படம் தெரியும்படி விஜய்குமார் ஏற்பாடு செய்திருந்தார். பெங்களூரின் ஒரு கண்ணாடிக் கட்டடம், பக்கத்தில் இரண்டு மரம். நீது என்று ஒரு பெண் எங்கள் டீமில் இருக்கிறாள், வித்துராவில் வீடு, பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அவள் கொஞ்சம் அசைந்தால் கண்ணாடிக் கட்டடம் அவள் காதைத் தின்றுவிடும், கட்டடம் இருந்த இடத்தில் ஒரு வாழைத்தார் தொங்கும். பொன்முடி மலைப் பக்கம் மேகம் கறுத்தாலே வித்துராவில் நெட் போய்விடும். 'மழை' என்று சொல்லிவிட்டு அவள் மறைவாள். அதே நேரம் நான் உங்கள் வார்த்தையை நம்பி 'இங்கே வெயில்' என்று சொல்லிக்கொண்டிருப்பேன். பெங்களூரில் நீதுவின் தெருவுக்கு மட்டும் தனியாக ஒரு மேகம் உண்டு என்று கிர்ஸ்டன் நினைத்திருக்க வேண்டும். சிபி என்று ஒரு பையன், பாறசாலைக்காரன், சர்ச் பாட்டுக் குழுவில் பாடுகிறவன், உங்கள் ஊரை வாழ்நாளில் பார்த்தது கிடையாது. ஒரு நாள் ஹைதராபாத் டீமோடு ஏதோ சண்டை வந்தபோது, "அவனுகளுக்கு என்னவாக்கும் தெரியும் எக்கா, நம்ம பெங்களூர்ல இப்பிடி வேலை செய்யதுண்டா?" என்று கொதித்துப்போய்விட்டான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எல்லோருக்கும் அதே ரோஷம்தான்.

மன்னி, இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். சென்னைக்கு ட்ரெயினிங் போனால், நான் வாயைத் திறந்ததுமே 'மேடம் கேரளாவா?' என்பார்கள். இங்கே ஆபீஸில் 'பத்மஜ சேச்சி தமிழாணல்லோ' என்பார்கள். திருநெல்வேலியில் கல்யாணத்துக்குப் போனால் 'மலையாளத்துக்காரா வந்தாச்சு, எல்லாத்துலயும் தேங்காயை அரைச்சு விட்டுடுவா' என்று பந்தியிலேயே கேலி. எங்கே நின்றாலும் நான் வேறெங்கோ இருந்து வந்தவள். டென்மார்க்குக்கு மட்டும் நான் பெங்களூர், மறுகேள்வி கிடையாது. நான் வசிக்காத ஓர் ஊர்தான் என்னை வாசலில் நிற்க வைக்காமல் உள்ளே விட்டது. அது எனக்குப் பிடித்துக்கூட இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியும், நீங்கள் தஞ்சாவூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவராயிற்றே.

போன மாதம் விஜய்குமார் என்னைக் கூப்பிட்டு, அந்த டேனிஷ் வேலை முழுவதற்கும் தலைவராக என்னைப் போடப்போவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை, நான் பெங்களூருக்குக் குடிவர வேண்டும். "ஹெட்னா பெங்களூர்லதான் உட்காரணும், கழக்கூட்டத்துல உட்கார்ந்துட்டு ஹெட்னு சொன்னா நல்லாவா இருக்கு?" என்றார். இத்தனை வருஷமும் அங்கேயே உட்கார்ந்திருப்பதாகத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. மாளவிகா சந்தோஷத்தில் குதித்தாள். அவருக்கு பேங்கில் மாற்றல் கிடைக்கும். அவர், அண்ணா அனுப்பிய ஃப்ளாட் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "பன்னெண்டாவது மாடியா? கிணறு உண்டோ?" என்று மட்டும் கேட்டார். யோசிக்க ஒரு மாதம் வாங்கிக்கொண்டேன்.

அந்த மாதத்தின் கடைசி வாரத்தில்தான் கிர்ஸ்டனிடமிருந்து மெயில் வந்தது. அவள் லீவு எடுத்து கோவளத்துக்கு எண்ணெய் சிகிச்சைக்கு வருகிறாளாம். வியாழக்கிழமை சாயங்காலம் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிப் பெங்களூருக்கு வந்து, வெள்ளிக்கிழமை எங்களை எல்லாம் நேரில் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புவாளாம். 'கோவளம் உங்களுக்கு ரொம்ப தூரம் என்று தெரியும், இல்லாவிட்டால் உங்களை அங்கே வரச் சொல்வேன்' என்று வருத்தம் வேறு. கோவளம் எனக்கு எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும், மாளவிகா அங்கே டியூஷன் சிநேகிதிகளோடு ஐஸ்கிரீம் தின்னப் போய்விட்டு விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவாள். விஜய்குமார் பதறிப்போய் உத்தரவு போட்டார். எல்லோரும் வெள்ளிக்கிழமை காலைக்குள் பெங்களூர் ஆபீஸில் வந்து, அங்கேயே பிறந்த மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். அந்த வியாழக்கிழமை ஐப்பசி ஆறாட்டு. நீங்கள் கல்யாணமான புதிதில் ஒரு தடவை பார்த்திருக்கிறீர்கள், ஓர்மை இருக்கிறதோ இல்லையோ. பத்மநாபசாமி சங்குமுகம் கடலில் நீராடப் போகிற வழி விமான நிலையத்தின் ஓடுபாதைக்குக் குறுக்கே போகிறது. விமானம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அது அவர் வழி. அதனால் அன்று சாயங்காலம் சில மணி நேரம் விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள், விமானங்களை எல்லாம் முன்னே பின்னே மாற்றிவிடுவார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். கிர்ஸ்டனின் ஏஜென்டுக்குத் தெரியவில்லை, விஜய்குமாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் எப்படிச் சொல்வேன்? நான் பெங்களூர்க்காரி ஆயிற்றே. திருவனந்தபுரத்தில் சாமி எந்தத் தேதியில் ஓடுபாதையைக் கடப்பார் என்பது பெங்களூர்க்காரிக்கு எதற்குத் தெரிய வேண்டும்? அந்த வாரம் முழுவதும் அந்த விஷயத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு, மீட்டிங்கில் பெங்களூர் மேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

சிபியும் நீதுவும் புதன்கிழமையே பஸ்ஸில் புறப்பட்டுவிட்டார்கள். ஆறாட்டன்று ஊரை விட்டுப் போவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. சாமி போகிற வழியில் விளக்கு வைத்து நின்று சேவித்துவிட்டு, ராத்திரி முதல் விமானத்தில் போவதாக நான் டிக்கெட் எடுத்திருந்தேன். வியாழக்கிழமை மத்தியானம் மடியில் துணியைப் பரப்பி விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருக்கும்போது கிர்ஸ்டனிடமிருந்து மெயில். 'பத்மஜா, என் விமானத்தை ராத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். கேட்டால், கடவுள் ஓடுபாதையைக் கடந்து கடலில் குளிக்கப் போகிறார் என்கிறார்கள். நீதான் எனக்கு நன்றாகத் தெரிந்த இந்தியாக்காரி, என்னை ஏமாற்றுகிறார்களா, சொல்.' நான் திரியைக் கீழே வைத்துவிட்டு எழுதினேன். 'நான் பெங்களூரில் இருப்பதால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் இருப்பதாகக் கேள்வி.' எழுதி அனுப்பிய பிறகுதான் உறைத்தது, அவளும் நானும் ஒரே விமானம். முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு அவசியமே வரவில்லை. சாயங்காலம் மேற்குக் கோட்டை வாசல் பக்கம் பட்டுப்புடவையும் நிலவிளக்குமாக நான், வேஷ்டியில் அவர், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாளவிகா, பக்கத்தில் எதிர்வீட்டுச் சூடாமணி மாமி எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். போலீஸ் பேண்ட் கேட்க ஆரம்பித்துவிட்டது. மாளவிகா என் முழங்கையை இடித்து, "அம்மா, அந்த மதாம்மா உன்னையே நோக்கிண்டிருக்கா" என்றாள். திரும்பினேன். கூட்டத்துக்கு நடுவில், எண்ணெய் வடிகிற தலையோடு, ஜரிகைக் கசவு வேஷ்டியைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு கிர்ஸ்டன். விமானந்தான் இல்லையே, விமானத்தை நிறுத்தியவரையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள். "பத்மஜா?" என்றாள். நான் அந்த நொடியில் யோசித்த எல்லாப் பொய்களையும் எழுதினால் தபால் தலை கூடுதலாக ஒட்ட வேண்டியிருக்கும். கடைசியில் 'திருவிழாவுக்காக இன்று காலைதான் பெங்களூரிலிருந்து வந்தேன்' என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, சூடாமணி மாமி நடுவில் புகுந்துவிட்டாள். மாமி கான்வென்டில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள், வெள்ளைக்காரி ஒருத்தி கையில் கிடைத்ததை விடுவாளா? "பெங்களூரா? யார் சொன்னா? இவள் பிறந்தது எங்கள் தெரு, வளர்ந்தது எங்கள் தெரு, கல்யாணம் பண்ணிக்கொண்டது நாலு வீடு தள்ளி. பெங்களூரில் சொந்த அண்ணா இருக்கிறான், அவன் வீட்டுக்குக்கூட இவள் போவதில்லை" என்று இலக்கணச் சுத்தமான ஆங்கிலத்தில் கிர்ஸ்டனுக்கு ஒப்பித்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "ஏண்டி, நான் சரியாத்தானே சொல்றேன்?" என்றாள்.

அதற்குள் சாமி வந்துவிட்டார். எல்லோரும் கும்பிட்டோம். கிர்ஸ்டனும் எங்களைப் பார்த்துக் கும்பிட்டாள். சாமி தாண்டிப் போகிற வரைக்கும் நான் கையை இறக்கவில்லை. பக்தி என்று மாமி நினைத்திருப்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, விஜய்குமாருக்கு என்ன பதில் சொல்வது, இந்த வேலை கையை விட்டுப் போனால் சிபி, நீது கதி என்ன என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்வது? காப்பியைக் கையில் கொடுத்ததும் கிர்ஸ்டன் கேட்டாள், 'அப்படியானால் தண்ணீர் இல்லாமல் கஷ்டப்பட்டது யார்?' 'என் மன்னி.' 'பூனை?' 'மன்னியின் பூனை.' 'சில்க் போர்டு?' 'அதுவும் மன்னிதான்.' அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வர, புடவை முந்தானை மாதிரி அந்தக் கசவை எடுத்துத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்குப் பயமாகப் போய்விட்டது, எண்ணெய் தலைக்கு ஏறிவிட்டதோ என்று. பிறகு சொன்னாள். அவள் இருப்பது கோபன்ஹேகனில் இல்லையாம். டென்மார்க்கின் வடக்குக் கோடியில், காற்று ஓயாமல் அடிக்கிற, மீன் வாடை வீசுகிற ஒரு சின்னத் துறைமுக ஊராம். 'கோபன்ஹேகன் என்றால்தான் இந்தியாவில் மதிப்பார்கள்' என்று அவள் மேலதிகாரி முதல் நாளே சொல்லிவிட்டாராம். தினமும் எங்களிடம் சொன்ன கோபன்ஹேகன் பனி, சைக்கிள் நெரிசல், பாலம் ரிப்பேர் எல்லாம் அவள் அண்ணனின் மனைவி காலையில் போனில் சொல்வதாம். அவளுக்கும் அங்கே ஒரு மன்னி இருக்கிறாள், மன்னி. இத்தனை வருஷமும் உண்மையில் பேசிக்கொண்டிருந்தது நீங்களும் அந்தக் கோபன்ஹேகன் மன்னியும்தான். நானும் கிர்ஸ்டனும் நடுவில் வெறும் டெலிபோன் கம்பி.

அவருக்கு ஆங்கிலம் பேசக் கூச்சம், ஆனாலும் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டு கம்பெனியும் அப்போ எங்கேதான் இருக்கு, ஆகாசத்திலயா?" என்று என்னிடம் கேட்டார். அதை மொழிபெயர்க்க எனக்குத் தெம்பில்லை. சேவையும் மோர்க்குழம்பும் சாப்பிட்டோம். கிர்ஸ்டன் மூன்று தரம் போட்டுக்கொண்டாள். 'மேலதிகாரிகளுக்குத் தெரிய வேண்டாம், பாவம், அவர்களுக்குப் பெரிய ஊர்கள் என்றால் ஆசை, நாம் இப்படியே இருந்துவிடுவோம்' என்று இருவரும் கைகுலுக்கிக்கொண்டு, ஒரே டாக்சியில் போய், ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் பெங்களூருக்கு வந்தோம்.

வெள்ளிக்கிழமை நாடகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விஜய்குமார் யார் யாருடைய மேஜைகளையோ காலி செய்து, உரிமையாளர்களை கேன்டீனுக்கு அனுப்பிவிட்டு, எங்களை உட்கார வைத்திருந்தார். சிபியின் மேஜையில் யாரோ ஒருவரின் குடும்பப் படம் அப்படியே இருந்தது. கிர்ஸ்டன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், 'உன் மனைவியும் குழந்தைகளுமா?' என்று கேட்டாள். விஜய்குமார் பின்னால் நின்று தலையாட்டுகிறார், சிபியும் ஆமாம் என்றுவிட்டான். பிறகு என்னிடம் வந்து, "எக்கா, ஒரே நாள்ல கல்யாணமும் முடிஞ்சி மூணு பிள்ளையும் ஆச்சு. பெண்ணு பாக்கதுக்கு அலையுத எங்க அம்மைக்கிட்ட நான் என்ன சொல்லட்டு?" என்று அழாத குறை. கிர்ஸ்டன் பாத்ரூம் எங்கே என்று கேட்க, இந்த ஆபீஸில் வருஷக்கணக்காக வேலை செய்யும் நீது தைரியமாக முன்னால் நடந்து, அவளைத் துடைப்பம் வைக்கிற அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் விட்டாள். கிர்ஸ்டன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மரியாதையாக ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வெளியே வந்தாள். இதை எல்லாம் யாருக்காக நடித்தோம் என்று இப்போது யோசித்தால், அந்தக் கட்டடத்தில் அந்த நாடகம் தேவைப்பட்டவர் ஒருவர்தான், அவர் விஜய்குமார். மத்தியானம் எல்லோர் முன்னாலும் அவர் என்னைக் காட்டி, 'அடுத்த மாதத்திலிருந்து இவர்தான் ஹெட்' என்று சொல்லி, என் முகத்தைப் பார்த்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சரி என்றேன்.

உங்கள் வீட்டுக்கு வரக் கிளம்பாமல் இல்லை, மன்னி. சத்தியமாகக் கிளம்பினேன். ரெண்டு மணிக்கு டாக்சி பிடித்தேன். டாக்சி நகரவில்லை. அப்போதுதான் உங்கள் மெசேஜ் வந்தது, நினைவிருக்கிறதா? 'இன்னிக்கு சில்க் போர்டு பக்கம் தலை வெச்சும் படுக்காதே, நரகம்' என்று, திருவனந்தபுரத்தில் இருக்கிற எனக்கு வழக்கம்போல எழுதியிருந்தீர்கள். அதை நான் சில்க் போர்டிலேயே உட்கார்ந்து படித்தேன். விமானத்துக்கு நேரமானதும் டிரைவரைத் திருப்பச் சொன்னேன். திரும்புவதற்கும் இடமில்லாமல், ஒருவழியாக விமான நிலையத்துக்கு ஓடி வந்தபோதுதான் அண்ணாவின் சிநேகிதர் என்னைப் பார்த்திருக்கிறார். இதுதான் நடந்தது. அண்ணாவிடம் படித்துக் காட்டுங்கள், பூனை விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஆகவே, நாங்கள் அங்கே வருகிறோம். உங்கள் அடுக்ககத்திலேயே அண்ணா பார்த்த ஃப்ளாட்டை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். மாளவிகாவின் பரீட்சை முடிந்ததும் குடிவந்துவிடுவோம். இனி காலையில் உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை, நானே ஜாமில் உட்கார்ந்து நானே சொல்லிக்கொள்வேன். உங்கள் முழங்கால் குணமாகி, அண்ணாவின் மனம் குளிர்ந்து, குழந்தைகள் தீர்க்காயுசாக இருக்க, நம் பத்மநாபசாமி கடலிலிருந்து திரும்பி வந்த கையோடு அருள் செய்ய வேண்டும். அண்ணாவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
பத்மஜா

பின்குறிப்பு: கவரில் போட்டு ஒட்டப் போகும்போது விஜய்குமார் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு செய்வதற்கு மன்னிப்புக் கேட்டார். கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஹெட் என்று என் படத்தைப் போட்டு, கீழே ரெண்டு வரி எழுத வேண்டுமாம். "பெங்களூர்ல இருபது வருஷ அனுபவம்னு போட்டுடட்டுமா?" என்றார். இருபது வருஷமும் கழக்கூட்டத்தில் அல்லவா போயிற்று என்றேன். "அதேதானே பத்மஜா, என்ன வித்தியாசம்?" என்றார். நல்ல மனிதர், கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே வித்தியாசம் தெரியவில்லை. தண்ணீர் லாரியையும் பூனையையும் உங்களிடம் இரவல் வாங்கியதில் எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. ஆனால் அந்த ரெண்டு வரி, நான் பஸ்ஸில் தூங்கியது, சிபிக்கு வேலை சொல்லிக்கொடுத்தது, நீதுவின் நெட் வருகிற வரைக்கும் எல்லோருமாகக் காத்திருந்தது எல்லாவற்றையும் எடுத்து வேறோர் ஊருக்குக் கொடுத்துவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்தும்விட்டேன்.

நாளைக் காலை மீட்டிங்கில், விஜய்குமார், கிர்ஸ்டன், அவளுடைய மேலதிகாரி எல்லோரும் இருக்கும்போது, அந்தக் கண்ணாடிக் கட்டடத்தை எடுத்துவிடப் போகிறேன். இது திருவனந்தபுரம் டீம் என்று சொல்லப் போகிறேன். உச்சரிக்க எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேன். ஹெட் வேண்டுமென்றால் ஹெட் இங்கேதான் உட்காருவாள், வேண்டாமென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். கிர்ஸ்டனோடு கைகுலுக்கியதில் என் பாதியை மட்டும்தான் மீறுகிறேன், அவள் கோபன்ஹேகனிலேயே இருந்துகொள்ளட்டும். ஆகையால் மேலே எழுதிய ஃப்ளாட்டை அண்ணா விட்டுவிடலாம்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடமும்தான், ஏனென்றால் இது உங்கள் கைக்கு வந்து சேரும்போது நாளை முடிந்திருக்கும். அவர் தபால்பெட்டியில் போட வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்துக்கொண்டு, "இவ்வளவு நேரம் மன்னிக்கு என்ன எழுதினே?" என்று கேட்கிறார். நாம் பெங்களூர் வருகிறோம் என்று எழுதியிருக்கிறேன் என்றேன். பொய்யில்லை, கடைசித் தாளுக்கு முந்தின தாளில் அப்படித்தான் இருக்கிறது.